தனகோட்டியம்மாவுக்குப் பக்கம் போட்ட கதை

நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் புதிதாக எழுத வந்திருக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் என்னை மேடையேறி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் தாயே, எழுதித் தந்துவிடுகிறேன், யாராவது படித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அதுதானே நம் வேலையே.

எப்படித் தட்டச்சு செய்வது, எப்படிப் படம் ஏற்றுவது என்றெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது யாருக்குப் பக்கம் போடலாம், யாருக்குப் போடக்கூடாது என்பதைப் பற்றி. அதிலும் அரசியல்வாதிகள். நடிகருக்கோ புலவருக்கோ பக்கம் போட்டால் ஊரில் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அரசியல்வாதிக்குப் போட்டாலும் கேட்பார்கள், போடாவிட்டாலும் கேட்பார்கள்.

தொண்ணூறுகளில் நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாயுடைய அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஆடிக்கிருத்திகை வந்தால் காவடி நோட்டீஸ், எலெக்‌ஷன் வந்தால் வேட்பாளர் நோட்டீஸ். பாய் சிரித்துக்கொண்டே சொல்வார்: “ஒண்ணுல நாமளா மலையேறிப் போயி மொட்டை போட்டுக்கிறோம். இன்னொண்ணுல வூடு தேடி வந்து போட்டுட்டுப் போறாங்க.” பிறகு அச்சு மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் அதே கடை ஜெராக்ஸ் கடையும் இன்டர்நெட் கடையுமாக ஆனது. என் கையும் ஈயத்திலிருந்து கீபோர்டுக்கு மாறியது.

அங்கேதான் சார் வந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் எழுதுவார், நான் அடித்துக் கொடுப்பேன். கொஞ்ச நாளில் எனக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்து, நீங்களும் எழுதுங்கம்மா என்றார். பக்கங்களை நீக்குகிற அதிகாரம் அவருக்கு இருந்தது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. அவர் வாயில் எப்போதும் இருந்தது ஒரே பேச்சுதான். சாட்சி இல்லாதது கேஸ் இல்லை, சான்று இல்லாதது பக்கம் இல்லை.

அவரிடம் நான் கற்றதில் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் சட்டசபைக்குப் போய்வந்த ஒருவருக்கு நாங்கள் பக்கம் போட்டிருந்தோம். சட்டசபைக்குப் போனவர்களுக்கெல்லாம் பக்கம் உண்டு என்பது முறை. அவர்மேல் இருந்த ஒரு வழக்கும் அதில் இருந்தது. அவருடைய ஆட்கள் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார்கள். கையில் லட்டுப் பெட்டி. அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார்கள், தலைவர் மனசு கஷ்டப்படுகிறதாம். சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் அந்தத் தீர்ப்பைக் கொண்டுவாருங்கள், அதையும் சேர்த்துப் போடுகிறேன் என்றார். அவர்கள் மறுபடி வரவில்லை. லட்டு மட்டும் மேஜைமேல் இருந்தது. பாய் அதை பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவர்களுக்குக் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. யாருக்கும் வளையாத இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பெருமைதான் பிறகு எங்களைக் கட்டிப்போட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பஞ்சாயத்துத் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய புதிதில், ஆர்.கே.பேட்டை பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு ஆள் நோட்டீஸ் அடிக்க வந்தார். வேட்பாளர் அவர் மனைவி. மனைவியும் கூட வந்திருந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தறிவேலை பார்த்துக் காய்ப்பேறிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய் அவளிடம் பெயர் என்ன என்று கேட்டேன். பதில் உள்ளேயிருந்து வந்தது. “தனகோட்டின்னு போடும்மா. கீழ என் பேரு பெரிசா வரணும்.” நோட்டீஸில் அவர் படம் இருந்தது. அவள் படம் இல்லை. சின்னம் பூட்டு சாவி.

அவள் ஜெயித்தாள். ஊரில் பிரசிடெண்ட் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவர் அவள் புருஷன். இது எங்கள் பக்கத்தில் அப்போது எல்லா ஊரிலும் நடந்ததுதான். மனைவி கையெழுத்துப் போடுவாள், புருஷன் நாற்காலியில் உட்காருவார். பத்திரிகைக்காரர்களும் அவரைத்தான் தலைவர் என்று எழுதினார்கள். பதவிக்காலம் முடியும் முன்னாலேயே, வேலை செய்யாமலே செய்ததாகக் கணக்குக் காட்டியது வெளியே வந்தது. கலெக்டர் பதவிநீக்கம் செய்தார். அந்த நாள் மட்டும் பத்திரிகைகள் எல்லாம் சரியாக எழுதின. பஞ்சாயத்துத் தலைவி தனகோட்டி பதவிநீக்கம். புருஷன் பெயர் அதில் எங்கும் இல்லை.

சில வருடம் கழித்து, எங்கள் வட்டாரத்து அரசியல்வாதிகளை நானும் சாரும் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டு வந்தோம். ஒரு பெண் பெயர் கூட வரவில்லை. எனக்கு அது உறுத்தியது. ஒரு பொம்பளையாவது வேண்டாமா சார் என்று கேட்டேன். அவரும் யோசித்தார். பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு நாங்கள் பக்கம் போடுவதில்லை. ஆனால் பத்திரிகையில் பலமுறை வந்தவர் என்றால் போடலாம் என்று ஒரு விலக்கு இருந்தது. தனகோட்டி அந்த ஊரின் முதல் பெண் தலைவர், மூன்று நாளிதழ்களில் செய்தி, இது போதுமே என்றார். நான் சந்தோஷமாக அடித்தேன். முதல் வரியில் முதல் பெண் தலைவர் என்று போட்டோம். மீதி வரிகளுக்குப் பத்திரிகையில் என்ன இருந்ததோ அதைப் போட்டோம். அதில் வேறு என்ன இருந்தது, பதவிநீக்கம்தான் இருந்தது.

பொய் ஒரு எழுத்து கிடையாது. அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட ஒரு வாரம்கூட இல்லாத சமயம். பைக்கில் இரண்டு பேர் கடைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டி, இதை நிறைய காப்பி போட்டுக் கொடு என்றார்கள். வாங்கிப் பார்த்தேன். நான் அடித்த பக்கம். மேலே கலைக்களஞ்சியத்தின் பெயர், நடுவில் தனகோட்டி, பதவிநீக்கம் என்கிற இடத்தில் சிவப்பு மையில் கோடு. ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்: “நாம சொன்னாதான் வாய்க்கு வந்தத சொல்றான்னு சொல்வாங்க. இது உலகமே பாக்கற கம்ப்யூட்டர்ல கீதுல்ல. இன்னா பண்ணுவா இப்போ?”

எனக்கு மிஷின் பட்டனை அமுக்கக் கை வரவில்லை. பாய் என் முகத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். எழுந்து வந்து, டோனர் தீர்ந்துபோச்சு தம்பி, நாளைக்குத்தான் வரும் என்று அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் போய்விட்டார்கள். பக்கத்துக் கடையில் டோனர் இருந்தது.

மறுநாள் தனகோட்டி வந்தாள். இந்த முறை வாசல் பெஞ்சில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்தாள். புருஷன் அவளை விட்டுவிட்டு நகரிப் பக்கம் போய் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டிருந்தார். யாரும் நிற்கச் சொல்லாமல், பெண்களுக்கு என்று ஒதுக்காத இடத்தில், அவளாகவே தேர்தலில் நின்றிருந்தாள். பக்கத்துக் கடையில் காப்பி போட்ட அந்த நோட்டீஸை மேஜைமேல் வைத்தாள். யார் எழுதினது என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாங்கள்தான் எழுதினோம் என்று சார்தான் சொன்னார்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நிதானமாகப் பேசினாள். “இதுல பொய்யின்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். கையெழுத்து என்துதான். ஆனா நான் செஞ்சது ஒண்ணுகூட இல்லியே இதுல. அந்த ஆளு செஞ்சது மட்டும்தானே கீது. ஊர்ல என்னைத் திருடின்னு சொல்லிக்கினுகிறாங்க. ஒரே ஒரு தடவ எம்பேருல ஜெயிச்சிட்டா அது போயிடும்னுதான் நிக்கிறேன். இத எடுத்துடுங்க.”

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சார் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளத்தான் கேட்டார். நெசவுத் தெருவுக்கும் காலனிக்கும் குடிதண்ணீர்க் குழாய் போட்டேன் என்றாள். டவுன் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டைக்குப் போய் யூனியன் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து வாங்கினதாம். ஆபீஸர்கள் அவளைப் பார்த்தால் கொல்லைப் பக்கமாகப் போய்விடுவார்களாம். கடைசியில் கொல்லைப் பக்கமே போய் உட்கார்ந்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சிரித்தாள். பேப்பரில் வந்ததா என்றார் சார். குழா போட்டா எந்தப் பேப்பர்ல சார் போடுவாங்க என்றாள்.

அவள் வெளியே காத்திருந்தபோது நானும் சாரும் பேசிக்கொண்டோம். பேசினது பெரும்பாலும் அவர்தான். சம்பந்தப்பட்டவர் வந்து கேட்டார் என்பதற்காக எடுத்தால், அன்றைக்கு லட்டோடு வந்தவர்களுக்கு என்ன பதில் என்றார். காரில் வந்தால் மாட்டேன், பஸ்ஸில் வந்தால் சரி என்பதா? தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளருக்காக நாம் கை வைத்தால் மற்ற வேட்பாளர் சும்மா இருப்பாரா? முறைப்படி நீக்கல் அறிவிப்புப் போட்டு, ஒரு வாரம் எல்லோருடைய கருத்தையும் கேட்டுத்தான் எடுக்க முடியும். அதற்குள் ஓட்டுப்பதிவு முடிந்துவிடும். அவர் சொன்னதில் ஒன்றையும் என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் முடியவில்லை. எனக்குத் தோன்றினது ஒன்றே ஒன்றுதான். அந்த எம்.எல்.ஏ. பக்கத்தில் வழக்கு ஒரு வரி. இவள் பக்கமே அந்த ஒன்றுதான். அதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, குழாய்க்கு ஏதாவது சான்று கிடைத்தால் இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன், அதற்குமேல் என் கையில் இல்லையம்மா என்றார்.

நான் பாயிடம் சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். தண்ணீர்த் தொட்டியில் திறப்புவிழாக் கல் இருக்குமே, அதையாவது படம் எடுத்து வந்தால் சான்றாகும் என்று நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு கிழவர் அந்த நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல் இருந்தது. கலெக்டர் பெயர், எம்.எல்.ஏ. பெயர், யூனியன் தலைவர் பெயர். கடைசியில் ஊராட்சி மன்றத் தலைவர் என்று போட்டு அவள் புருஷன் பெயர். அவள் கல்லைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அதில் என்ன இருக்கும் என்று முன்பே தெரியும், நான்தான் வீம்பாக வந்தேன். தொட்டிக்குக் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளிடம், இந்தக் குழாய் யார் போட்டது என்று கேட்டேன். அவள் குடத்திலிருந்து கண்ணெடுக்காமல், “இதுக்கு தனகோட்டிக் கொழான்னுதாங்க பேரு. பிரசிடெண்ட்டு போட்டதுன்னு கல்லுல கீது, ஆனா அந்தம்மா அலைஞ்சது எங்களுக்குத் தெரியும்ல” என்றாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள், பக்கத்தில் நிற்பது தனகோட்டி என்று. “ஏங்கா, நீயே வந்துகினு இத வேற கேக்கணுமா? ஓட்டு போடறேன் போ.”

தனகோட்டி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். “கொழாயடில சொல்றது கோர்ட்டுல நிக்காதும்மா” என்றார். அன்றைக்கே நீக்கல் அறிவிப்பைப் பக்கத்தின் தலையில் போட்டார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் என்னை உட்கார வைத்து, நீங்க சொன்னதையே அடிங்க என்றார். அடித்தேன். ஒரு மனுஷி பத்திரிகையில் வந்தது ஒரே விஷயத்துக்காக என்றால், அந்த விஷயம் அந்த மனுஷியின் வாழ்க்கை ஆகாது என்று அடித்தேன். வெளியூர்களிலிருந்து எழுதுகிறவர்கள் கருத்துச் சொல்வதற்கென்றே இருக்கிற பேச்சுப் பக்கத்தில் சரி என்றும் தப்பு என்றும் எழுதினார்கள். வாரம் முடிந்தது. பக்கம் போனது. அதற்கு முன்னால் ஓட்டுப்பதிவும் முடிந்திருந்தது. தனகோட்டி தோற்றாள்.

நோட்டீஸால்தான் தோற்றாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர்த் தேர்தலில் சொந்தம் இருக்கிறது, சாதி இருக்கிறது, ராத்திரியோடு ராத்திரியாகச் செய்கிற வேலைகள் இருக்கின்றன. அது இல்லாமலும் தோற்றிருக்கலாம் என்று பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம்தான். ஆனால் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுப்போட்டவர்களை நான் பார்க்கவில்லை என்பதால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது.

சார் அதற்குப் பிறகு எங்கள் வழிகாட்டுப் பக்கத்தில் புதிதாக ஒரு விதி எழுதிச் சேர்த்தார். ஒரே நிகழ்ச்சியால் மட்டும் செய்தியில் வந்தவர்களுக்குத் தனிப்பக்கம் வேண்டாம் என்று. நீங்கள் இன்றைக்கு அதை வெறும் விதியாகப் படிக்கிறீர்கள். எனக்கு அதைப் பார்த்தால் தொட்டிக்குக் கீழே குடத்தோடு ஒருத்தி நின்ற அந்த இடம் ஞாபகம் வரும். அரசியல்வாதிகளைப் பற்றி எழுத உட்காரும்போது, சான்று இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தச் சான்று எப்போது பிறந்தது என்றும் பாருங்கள். சிலருக்கு ஜெயித்த அன்றைக்கு, ரிப்பன் வெட்டின அன்றைக்கு எல்லாம் பிறக்கும். சிலருக்கு விழுந்த அன்றைக்கு மட்டும்தான் பிறக்கும். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் தராசு சரியாகத்தான் நிற்கும். நிறுத்தது சரியாக இருக்காது.

விதியைச் சொல்லியாகிவிட்டது என்று இத்தோடு முடிக்கலாம். ஆனால் முடியவில்லை.

மாதங்கள் கழித்து, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கத் தனகோட்டி கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். என்மேல் கோபம் இல்லை என்று காட்டவோ என்னவோ, அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்கூடத்தில் வேலைக்குப் போவதாகத் தானாகவே சொன்னாள். போகும்போது நின்று, எம்பேர கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருக்கா என்றாள். போட்டேன். ஒன்றும் வரவில்லை. எடுத்துவிட்டோம், இனி யாரும் எடுத்து நோட்டீஸ் போட முடியாது என்று நான் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறதாக நினைத்துச் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்ப நான் தலைவரா இருந்ததே இல்லன்னு ஆயிடுச்சி.”

அவள் போன பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. அந்த ஊரைப் பற்றி எங்கள் கலைக்களஞ்சியத்தில் ஒரு சின்னப் பக்கம் உண்டு. திறந்து பார்த்தேன். தலைவர்கள் என்கிற இடத்தில் அந்த வருடங்களுக்கு நேரே அவள் புருஷன் பெயர் இருந்தது. பத்திரிகை அப்படி எழுதியதால் யாரோ அப்படியே போட்டிருந்தார்கள். சாரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தேர்தலில் ஜெயித்தவர் யார் என்பதற்கு அரசாங்கம் வெளியிட்ட முடிவே போதும், இதற்கு வேறு சாட்சி எதற்கு என்று மறுநாளே யூனியன் ஆபீஸுக்குப் போய்ப் பிரதி வாங்கி வந்தார். புருஷன் பெயரை எடுத்துவிட்டுத் தனகோட்டி என்று அடித்தேன். அதற்கு அடுத்தாற்போல், முதல் பெண் தலைவர். அவ்வளவுதான். ஒரே வரி.

அடுத்த முறை அவள் பஸ்ஸுக்கு நிற்கிறதைப் பார்த்து, பாயை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். எனக்கே போய்க் கூப்பிட வெட்கமாக இருந்தது. உள்ளே வந்தாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார வைத்து அந்த வரியைக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பெயரில் ஒரு தடவை விரலை வைத்தாள். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

“இதயே முன்னாடி போட்டிருக்கலாமில்லக்கா?”

“ஆங்” என்றேன். பஸ் வந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.